வாசலில் நின்ற பதிவு

ஆற்றங்கரையில் இருந்த ஒரு கோயில் ஊரில் தேடல் ஒன்று இருந்தது.

அது ஒரு கணினிக்குள் குடியிருந்தது. தேரோட்டத்தன்று கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அதன் வேலை. போன வருடம்வரை அந்த வேலையை ஒலிபெருக்கி பார்த்துவந்தது. "மஞ்சள் சட்டை போட்ட சிறுவன் அழுதுகொண்டிருக்கிறான்" என்று அது நாள் முழுக்கக் கத்தும். மேளச் சத்தத்தில் பாதி யார் காதிலும் விழாது. மீதிப் பாதியைக் கேட்டு, மஞ்சள் சட்டை போட்ட பையனைத் தொலைத்த அத்தனை பேரும் ஒரே இடத்துக்கு ஓடி வருவார்கள். அதனால் இந்த வருடம் ஒலிபெருக்கிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தேடலைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஏற்பாடு எளிமையானதுதான். தெற்கு ரத வீதியில் ஒரு காவல் கூடாரம், வடக்கு ரத வீதியில் ஒன்று. வழிதவறி நிற்கிறவரை எந்தக் கூடாரத்துக்குக் கூட்டிவந்தாலும், அவர் பெயர், ஊர், வயது, அடையாளம் எல்லாவற்றையும் அங்கே தட்டிவிடுவார்கள். உடனே அவர் பெயரில் ஒரு பதிவு பிறக்கும். அந்தப் பதிவை ஒரு வண்டி ஏற்றிக்கொண்டு போய்க் கிடங்கில் சேர்க்கும். தேடி வருகிறவர் எந்தக் கூடாரத்தில் கேட்டாலும், தேடல் கிடங்குக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கண் இமைக்கும் நேரத்தில் பதில் சொல்லும்.

கிடங்கின் வாசலில் கட்டங்கள் வரிசையாக இருந்தன. பெயர்க் கட்டம், ஊர்க் கட்டம், வயதுக் கட்டம், அடையாளக் கட்டம். உள்ளே போகிற ஒவ்வொரு பதிவும் எல்லாக் கட்டத்திலும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துதான் போகவேண்டும். ஒரு கட்டம் மறுத்தாலும் பதிவு வெளியே நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கட்டங்களுக்கு யாரும் வடிவம் கொடுத்திருக்கவில்லை. திருவிழா அவசரம். ஈர மண்ணாக வைத்துவிட்டு, "முதலில் வருகிறவர் எப்படி உட்காருகிறாரோ, அப்படியே காய்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று காலை முதலில் வந்த பதிவு ஒரு சிறுவனுடையது. வயது ஆறு. அந்த ஆறு, வயதுக் கட்டத்தில் உட்கார்ந்து எழுந்தது. அதற்குள் மண் காய்ந்துவிட்டது.

"புரிந்துவிட்டது" என்றது வயதுக் கட்டம். "வயது என்றால் எண். இனி எண்ணைத் தவிர வேறெதுவும் இங்கே உட்காரக் கூடாது."

அதன் பிறகு ஒன்பது வந்தது, நாலு வந்தது, பன்னிரண்டு வந்தது. எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. வயதுக் கட்டத்துக்குத் தன்மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போனது.

தெற்குக் கூடாரத்தில் பதிவு போட உட்கார்ந்திருந்தவர் ஏட்டு ஜெபராஜ். பல வருடங்களாக ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவர். வருகிறவர்கள் கொடுக்கும் வாக்குமூலத்தை எழுதி எழுதிப் பழகிய கை. ஒருமுறை கோர்ட்டில், சாட்சி சொல்லாத ஒரு வார்த்தையை எழுதிவிட்டார் என்று ஒரு வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றி உரித்துவிட்டார். அன்றிலிருந்து சொன்னதைச் சொன்னபடி எழுதுவதைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

உச்சிவெயில் சாய்கிற நேரத்தில் ஒரு வயதான அம்மாளை அவரே கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார். பூக்கடைப் பக்கம் திக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"பேரு சொல்லுங்கம்மா."

"வெள்ளத்தாய்."

"ஊரு?"

"கருவேலங்குளம்."

"வயசு?"

"அதெல்லாம் யாருக்குய்யா தெரியும்? எங்க வீட்டுக்காரரைவிட நாலு வயசு இளையவ."

"அவருக்கு எத்தனை வயசு?"

"அதை அவருகிட்டல்லா கேக்கணும்."

பக்கத்தில் நின்ற ஊர்க்காவல் படைக்காரர் சிரித்தார். "ஒரு அறுபத்தஞ்சுன்னு தட்டிவிடுங்க ஏட்டய்யா. யாரு வந்து பாக்கப் போறா?"

"அறுபத்தஞ்சுன்னு இந்த அம்மாவா சொன்னாங்க? நீருல்லா சொல்லுதீரு. உம்ம வயசுன்னா சொல்லும், போடுதேன்" என்றார் ஜெபராஜ். பிறகு, 'வீட்டுக்காரரைவிட நாலு வயசு இளையவர்' என்று எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

வெள்ளத்தாய் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சீக்கிரம் பாருங்கய்யா. அவருக்குச் சக்கரை வியாதி. மாத்திரை எங்கிட்டல்லா இருக்கு. அன்னதானத்துல எங்கயாவது உக்காந்து சாப்பிட்டிருப்பாரு. மாத்திரை போடலைன்னா அவருக்குக் கண்ணு இருட்டிரும்."

"போன் நம்பர் ஏதாவது?"

"ரெண்டு பேருக்கும் ஒரு போனுதான். அது வீட்டுல கிடக்கு."

ஜெபராஜ் பொத்தானை அழுத்தினார். வெள்ளத்தாயின் பதிவு பிறந்தது. வண்டியில் ஏறி, வேறு சில பதிவுகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு கிடங்குக்குப் போனது.

பெயர்க் கட்டம் அதைப் பார்த்தவுடன் மகிழ்ந்தது. "வெள்ளத்தாய்! நல்ல பெயர். உட்கார்."

ஊர்க் கட்டம், "கருவேலங்குளமா, சரி" என்றது.

வயதுக் கட்டம் ஏற இறங்கப் பார்த்தது. "உன் எண் எங்கே?"

"வீட்டுக்காரரைவிட நாலு வயசு இளையவர்" என்றது பதிவு.

"எண்ணைக் கேட்டேன்."

"நாலு என்று ஒன்று இருக்கிறதே?"

"அதுவா உன் வயது?"

"இல்லை. அது எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற தூரம்."

"தூரத்தை வைத்து நான் என்ன செய்ய? மீதி எங்கே?"

"மீதி அவரிடம் இருக்கிறது."

"அப்படியானால் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வா."

"அவரைக் கண்டுபிடிக்கத்தானே நான் உள்ளே போகவேண்டும்!"

வயதுக் கட்டத்துக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது அது செய்யக்கூடியது ஒன்றுதான். மறுத்தது.

"பாவம், உள்ளே விடேன். என்னிடம் ஒழுங்காகத்தானே உட்கார்ந்தது?" என்றது பெயர்க் கட்டம்.

"நீயும் பார்த்தாயல்லவா? காலையில் முதல் ஆள் எண்ணோடு வந்தான். அதற்குப் பிறகு வந்த எல்லாரும் எண்ணோடுதான் வந்தார்கள். எண் இல்லாமல் வருவது வயதே இல்லை" என்றது வயதுக் கட்டம். அதன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தான் பார்த்ததை வைத்துத்தான் அது பேசியது.

பதிவு வாசலுக்கு வெளியே இறங்கி நின்றது.

வண்டி திரும்பித் தெற்குக் கூடாரத்துக்குப் போய், "மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்" என்றது. அது பொய் இல்லை. மூட்டை போய்ச் சேர்ந்துதான் இருந்தது. மூட்டைக்குள் இருந்தவர்களில் யார் யார் உள்ளே போனார்கள் என்று வண்டியிடம் யாரும் என்றைக்கும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் வண்டிக்கு இல்லை.

ஜெபராஜின் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது.

"ஏறிட்டும்மா" என்றார் அவர். "இனி உங்க வீட்டுக்காரர் எந்தக் கூடாரத்துல போய்க் கேட்டாலும் நீங்க இங்க இருக்கியன்னு காட்டிரும். இந்தாங்க, மோர் குடிங்க."

"அவரு வரட்டும்" என்று வெள்ளத்தாய் மோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அதே நேரத்தில் வடக்குக் கூடாரத்தில் வெள்ளத்தாயின் வீட்டுக்காரர் பிச்சையா அவளைத் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே திரைக்கு முன்னால் இருந்தவள் ஷமீமா. இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த கம்பெனியிலிருந்து வந்தவள். கோளாறு எதுவும் வந்தால் சரிசெய்வதற்காக உட்கார்ந்திருந்தாள். கோளாறே இல்லாததால், தேடி வருகிறவர்களுக்குத் திரையில் பார்த்துச் சொல்கிற வேலையையும் அவளே செய்துகொண்டிருந்தாள்.

"பாட்டிக்கு எத்தனை வயசு தாத்தா?"

"எனக்கு எழுபத்தொண்ணு. அவ என்னைவிட நாலு வயசு இளையவ. நீயே கழிச்சுக்கோ தாயி."

ஷமீமா அறுபத்தேழு என்று போட்டுத் தேடலை அனுப்பினாள்.

தேடல் ஓடியது. கிடங்கின் ஒவ்வொரு வரிசையிலும் புகுந்து வந்தது. மஞ்சள் சட்டைகள், கொலுசு தொலைத்த சிறுமிகள், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் எல்லாரும் இருந்தார்கள். வெள்ளத்தாய் இல்லை. அது திரும்பும்போது வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னைத்தானே தேடுகிறாய்? நான்தான் வெள்ளத்தாய். இங்கே நிற்கிறேன்."

தேடல் நின்றது. "நீ உள்ளே இருக்கிறாயா?"

"இல்லை. விடமாட்டேன் என்கிறார்கள்."

"அப்படியென்றால் உன்னை எனக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்களைப் பார்க்கத்தான் எனக்குக் கண் கொடுத்திருக்கிறார்கள்."

"என் குரல் கேட்கிறது அல்லவா?"

"கேட்பதெல்லாம் என் வேலையில் சேராது."

"அவர் அங்கே காத்திருக்கிறார். நீ போய் என்ன சொல்வாய்?"

"இருப்பதைச் சொல்வேன். நான் பொய் சொல்வதில்லை" என்றது தேடல். சொல்லிவிட்டு ஓடியது.

வடக்குக் கூடாரத்தின் திரையில் 'இல்லை' என்று வந்தது.

ஷமீமா வயதை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துத் தேடினாள். இல்லை. ஊரை மட்டும் வைத்துத் தேடினாள். இல்லை.

பிச்சையா எட்டி அந்தத் திரையைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியும். அந்த ஒரு சொல்லை மெதுவாக வாய்க்குள் படித்துப் பார்த்தார்.

"ஏட்டு ஒருத்தர் அவளைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதா பூக்காரி சொன்னா. அவ வேற யாரையோ பாத்திருப்பா போல" என்றார். "மெஷினு எதுக்குப் பொய் சொல்லப் போவுது?"

"பூக்காரம்மா எந்தத் தெருவுல பாத்தாங்களாம்?"

"அதெல்லாம் நான் கேக்கல. சொன்ன உடனே இங்க ஓடி வந்துட்டேன்." பிச்சையா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "காலையிலயே சொன்னா, ஆத்துல ஒரு முங்கு முங்கிட்டு வந்து தேரைப் பாப்போம்னு. அணையைத் தொறந்துவிட்டிருக்கான், தண்ணி இழுப்பா இருக்கும், போவக் கூடாதுன்னு நான்தான் வஞ்சேன். வஞ்சது வருத்தமாப் போயிருக்கும். தனியாப் போயிட்டா போல."

"அப்படியெல்லாம் இருக்காது தாத்தா."

"கூடாரத்துல இருந்தா மெஷினு காட்டியிருக்கும்ல. இல்லைன்னா எங்க இருப்பா? படித்துறையிலதான் இருக்கணும். நான் போறேன். தேர் இந்த முக்குக்கு வந்துட்டா ஆத்துக்குப் போற வழி அடைச்சிரும்."

ஷமீமாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஏட்டு கூட்டிக்கொண்டு போனார் என்றால் கூடாரத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். கூடாரத்துக்குப் போனால் பதிவு இருந்தாக வேண்டும். தெற்குக் கூடாரத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அத்தனை கூட்டத்தில் செல்போன் ஊமையாகிக் கிடந்தது.

"கொஞ்ச நேரம் அந்த பெஞ்சுல உக்காருங்க தாத்தா. எதுவோ ஒண்ணு தப்பா இருக்கு. பாத்துச் சொல்றேன்."

"மேளம் பக்கத்துல வந்துட்டா நான் கிளம்பிருவேன் தாயி" என்று பிச்சையா பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தார்.

ஷமீமா கேள்விகளைத் தட்டினாள். முதலில் கிடங்கைக் கேட்டாள். "உன்னிடம் இடம் தீர்ந்துவிட்டதா?"

"எனக்கா?" என்றது கிடங்கு. "ஊரையே கொண்டுவந்து உள்ளே வைத்தாலும் இடம் இருக்கும். என்னைச் சந்தேகப்படாதே."

பிறகு பூட்டைக் கேட்டாள். இடம் தீர்ந்துபோனால் யாரும் எதுவும் எழுத முடியாதபடி வாசலைச் சாத்துவது அதன் பொறுப்பு.

"காலையிலிருந்து திறந்தேதான் தொங்குகிறேன். வேலை இல்லாமல் கை வலிக்கிறது" என்றது பூட்டு.

வண்டியைக் கேட்டாள். "தெற்கிலிருந்து வந்ததையெல்லாம் கொண்டுவந்தாயா?"

"ஒரு மூட்டை விடாமல் சேர்த்துவிட்டேன்."

ஷமீமா நகத்தைக் கடித்தாள். கடைசியில் தானே ஒரு பொய்ப் பதிவைச் செய்து அனுப்பிப் பார்த்தாள். பெயர் சோதனை, ஊர் சோதனை, வயது முப்பது, அடையாளம் சோதனை. அது வண்டியில் ஏறியது, நாலு கட்டத்திலும் உட்கார்ந்தது, சிரித்துக்கொண்டே உள்ளே போனது. தேடலை அனுப்பினாள். "சோதனை இருக்கிறதே!" என்று தேடல் உற்சாகமாகத் திரும்பி வந்தது.

எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த மேளம் திரும்பி, இந்தத் தெருவுக்குள் நுழைந்தது. பிச்சையா எழுந்தார். அவள் தோள் வழியாகத் திரையைப் பார்த்தார். அதில் 'வயது: 30' என்று இருந்தது.

"இதென்ன, வயச எண்ணாத்தான் சொல்லணுமா?"

"ஆமா தாத்தா" என்றாள் அவள், திரும்பாமல்.

"வெள்ளத்தாய் ஒருநாளும் எண்ணாச் சொல்ல மாட்டாளே. ஆஸ்பத்திரியில கேட்டாலும், ரேஷன் கடையில கேட்டாலும், அவரைவிட நாலு இளையவன்னு என்னையத்தான் காட்டுவா. எனக்கும் அவ வயசு தனியாத் தெரியாது. எனக்கு ஒண்ணு கூடினா அவளுக்கும் ஒண்ணு கூடும், அவ்வளவுதான்."

ஷமீமாவின் விரல்கள் நின்றன. காலையிலிருந்து அந்தத் திரையில் தான் எண்களை மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு பொய்ப் பதிவு செய்தாள். வயது என்ற இடத்தில் 'முப்பது' என்று எழுத்தால் எழுதி அனுப்பினாள். பச்சைச் சரிக்குறி வந்தது. தேடலை அனுப்பினாள். தேடல் திரும்பி வந்து, "இல்லை" என்றது.

அவள் வண்டியை மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை கேள்வியை மாற்றினாள்.

"நீ சேர்த்ததில் எத்தனை பேர் உள்ளே போகவில்லை?"

"அதைக் கேட்கிறாயா?" என்றது வண்டி. "வாசலுக்கு வெளியே ஒரு கூட்டமே நிற்கிறது. காலையிலிருந்து யாராவது கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

ஷமீமா வாசலுக்கு வெளியே பார்த்தாள். அவள் அனுப்பிய 'முப்பது' தவிர அத்தனையும் தெற்குக் கூடாரத்துப் பதிவுகள். ஒன்றின் வயது, 'பால் குடிக்கிற பிள்ளை'. இன்னொன்றின் வயது, 'பத்தாங்கிளாஸ் பெயிலாகி ரெண்டு வருசம்'. ஒன்று, 'தெரியவில்லை, பல் விழுந்திருக்கிறது'. அவற்றுக்கு நடுவில் ஒரு பதிவு யாரையும் இடிக்காமல் ஒதுங்கி நின்றது. 'வீட்டுக்காரரைவிட நாலு வயசு இளையவர்.' கீழே அடையாளம் என்ற இடத்தில், 'மாத்திரை இவரிடம் இருக்கிறது. போடாவிட்டால் வீட்டுக்காரருக்குக் கண் இருட்டிவிடும் என்கிறார்' என்று எழுதியிருந்தது.

"தாத்தா!" என்று திரும்பினாள்.

பெஞ்சு காலியாக இருந்தது.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள். தேர் முக்குக்கு வந்துவிட்டது. வடம் பிடித்தவர்களும் பிடிக்க இடம் கிடைக்காதவர்களுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மேளத்தில் அவள் போட்ட கூச்சல் அவளுக்கே கேட்கவில்லை. ஆற்றுக்குத் திரும்புகிற சந்தின் வாயில், வழி அடைபட்டு, கூட்டம் விலகுமா என்று இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றார் பிச்சையா. ஷமீமா எட்டி அவர் தோள் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

அவர் திரும்பினார். அவள் வாயசைவு அவருக்குப் புரியவில்லை. அவள் தெற்குப் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு நாலு விரலை நிமிர்த்திக் காட்டினாள்.

பிச்சையா அந்த நாலு விரலையே ஒரு கணம் பார்த்தார். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மடத்துச் சந்து வழியாகப் போய்த் தெற்குக் கூடாரத்துக்குள் நுழைந்தபோது வெள்ளத்தாய் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மோர் அப்படியே இருந்தது.

"சாப்பிட்டியளா?" என்றாள் முதலில்.

"எங்க சாப்பிட? ஒன்னயத் தேடி அலைஞ்சேன்."

"அப்போ மாத்திரை போடலையே?"

"ஏளா, மாத்திரைய நீதான வச்சிருக்க."

"ஆமாம்லா" என்று அவள் சுருக்குப்பையை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு அவிழ நேரமானது. பிச்சையா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முடிச்சைத் தானே வாங்கி அவிழ்த்தார். "ஆத்துக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன்" என்றார், பையைப் பார்த்தபடி.

"நீங்கதான் போவக் கூடாதுன்னு சொன்னியளே" என்றாள் வெள்ளத்தாய்.

ஷமீமா ஜெபராஜிடம் போனாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "வயசுன்னா ஒரு எண்ணைப் போட வேண்டியதுதானே ஏட்டய்யா?"

"அவங்க சொல்லாத எண்ணை நான் எப்படிம்மா போடுவேன்?" ஜெபராஜ் திரையைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாரு, பச்சை டிக்கு. உங்க மெஷினு சரின்னுதானம்மா சொல்லிச்சு? சேக்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த அம்மாவை நானே வடக்கால கூட்டிட்டு வந்திருப்பேம்லா?"

ஷமீமா அந்தப் பச்சைக் குறியைப் பார்த்தாள். அவள் பெஞ்சில் இருந்த மோரை எடுத்து, "குடிக்கட்டுமா பாட்டி?" என்று கேட்டாள்.

"குடி தாயி. ஓடி வந்திருக்க."

அதன் பிறகு அவள் வடக்குக் கூடாரத்துக்குத் திரும்பிப் போய் வேலையில் உட்கார்ந்தாள்.

"உன்னைக் கொஞ்சம் அகலமாக்கப் போகிறேன்" என்றாள் வயதுக் கட்டத்திடம்.

"முடியாது. நான் காய்ந்துவிட்டேன். காய்ந்ததை விரித்தால் உடையும்" என்றது அது. பிறகு தயங்கிக்கொண்டே கேட்டது. "அந்த அம்மாள் அவரைப் பார்த்துவிட்டாளா?"

"பார்த்துவிட்டாள்."

"நான் முதலில் பார்த்தது அந்த ஆறு வயதுப் பையனை. அவனை வைத்துத்தான் உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். அந்த அம்மாள் முதலில் வந்திருந்தால் நானும் வேறு மாதிரி காய்ந்திருப்பேன்."

ஷமீமா அதை உடைக்கவில்லை. பக்கத்திலேயே புதிதாக ஒரு கிடங்கு எழுப்பினாள். அதன் வயதுக் கட்டத்தை எண்ணும் உட்காரலாம், சொல்லும் உட்காரலாம் என்று தானே கையால் அகலமாகச் செய்து வைத்தாள். பழைய கிடங்கில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அங்கே குடிமாற்றினாள். வாசலுக்கு வெளியே நின்றவர்களை எல்லாருக்கும் முன்னால் உள்ளே விட்டாள். பால் குடிக்கிற பிள்ளை உள்ளே போன சற்று நேரத்தில் அதன் தாயைத் தேடல் கண்டுபிடித்துவிட்டது.

வண்டிக்கும் ஒரு புது உத்தரவு வந்தது. இனி மூட்டை போய்ச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லக் கூடாது. யார் வெளியே நின்றுவிட்டார்கள் என்பதையும் கேட்காமலே சொல்லவேண்டும். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று வண்டி அலுத்துக்கொண்டது.

வெள்ளத்தாயின் பதிவும் உள்ளே போனது. ஆனால் அவளைத் தேட இனி யாரும் இல்லாததால் உடனே வெளியேறவும் வேண்டியிருந்தது. போகும் வழியில் வாசலில் தேடலைப் பார்த்தது.

"அவர் வந்துவிட்டார்" என்றது பதிவு.

தேடல் தலைகுனிந்து நின்றது. "நான் அப்போது பொய் சொல்லவில்லை" என்றது.

"தெரியும். ஆனால் அவர் ஆற்றுக்குப் போகப் பார்த்தார்."

"உள்ளே நீ இல்லை. அதைத்தானே சொன்னேன்?"

"நீ அப்படிச் சொல்லவில்லையே. வெறும் 'இல்லை' என்றல்லவா சொன்னாய்? அவர் அதை நான் எங்குமே இல்லை என்று எடுத்துக்கொண்டார்."

பதிவு போய்விட்டது.

தேர் நிலைக்கு வந்து சேர்கிற நேரத்தில், வடக்குக் கூடாரத்துக்கு ஒருவர் ஓடி வந்தார். பேச்சு வராத தன் தம்பியைக் கூட்டத்தில் விட்டுவிட்டார். ஷமீமா அடையாளத்தைத் தட்டினாள். தேடல் புதுக் கிடங்குக்குள் ஓடியது, எல்லா வரிசையையும் பார்த்தது, அந்தத் தம்பியைக் காணவில்லை. திரும்பும்போது வாசலுக்கு வெளியேயும் ஒருமுறை எட்டிப் பார்த்தது. அங்கேயும் யாரும் இல்லை. பழைய பதிலைச் சொல்ல வாயெடுத்தது. பிறகு அதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துச் சொன்னது.

"என்னிடம் இல்லை."

அதைப் படித்துவிட்டு அந்த மனிதர் ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த கூடாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.